கயிறு பிடிப்பவர் யார்?



சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். பத்தொன்பது வயது மகன் வேலணைப் பக்கம் ஒரு சம்மாட்டியின் படகில் சேர்ந்திருக்கிறானாம். கடலட்டை பிடிக்கச் சிலிண்டர் கட்டிச் சுழியோடப் போகிறானாம். "ஹஸரத், பிள்ளைக்கு ஒரு துஆ செய்யுங்க" என்றார். குரலில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது.

துஆ செய்தேன். பிறகு மூன்று கேள்விகள் கேட்டேன்.

"அவனுக்கு இதைப் பழக்கினது யாரும்மா?"

"கூட்டாளிமார்தான். ரெண்டு நாள் காட்டிக் கொடுத்தாங்களாம்."

"அவனோட சேர்ந்து கீழே இறங்குறது யாரு?"

"ஆளுக்கொரு பக்கம் இறங்குவாங்களாம்."

"எத்தனை பாகம் ஆழம், எத்தனை நிமிஷம் என்று மேலே இருந்து கணக்குப் பார்க்கிறது யாரு?"

அந்தத் தாயிடம் பதில் இல்லை. "மகனிடம் கேட்டு வந்து சொல்லுங்கள்" என்று அனுப்பி வைத்தேன்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் பிள்ளை கடலுக்குள் இறங்கும்போது கட்டுவது என்றால் என்ன என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முன்னோர்கள் எப்படி இறங்கினார்கள்?

சுழியோடுவது நம்மவர்களுக்குப் புதிய தொழில் அல்ல. 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தபோது, அரசருக்கு முன்னால் முத்துக்கள் குவிந்து கிடந்ததைத் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். பிற்காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் மன்னார்க் கடலில் நடந்த முத்துக்குளிப்புகளுக்குக் கீழக்கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் முஸ்லிம் சுழியோடிகள் வந்தார்கள்.

அவர்களிடம் சிலிண்டர் இல்லை. ஒரு கல், ஒரு கூடை, ஒரு கயிறு, ஒரு மூச்சு. அவ்வளவுதான். ஆனால் ஒருவரும் தனியாக இறங்கவில்லை. இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து வேலை செய்தார்கள். ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே இளைப்பாறினார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் தூக்கிவிடுவது அவருடைய வேலை. அந்தக் கயிற்றைப் பெண்ணின் கூடப்பிறந்தவனிடம், அதாவது மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரை ஊர்களில் சொல்வதுண்டு. தங்கையின் வாழ்வு அந்தக் கயிற்றின் நுனியில் இருக்கும்போது அவன் கண் அயர்வானா?

சகோதரிகளே, அந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. சுழியோடுவது ஒரு ஆளின் வீரம் அல்ல. அது ஒரு கூட்டத்தின் வேலை.

சிலிண்டர் வந்தது, கயிறு போனது

1943இல் பிரான்சில் குஸ்தோ, காஞான் என்ற இருவர் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் சுவாசக் கருவியை உருவாக்கினார்கள். மூச்சை அடக்க வேண்டியதில்லை, நெடுநேரம் கீழே இருக்கலாம். பெரிய வசதிதான். ஆனால் நம் கரைகளுக்கு அந்தக் கருவி வந்த அளவுக்கு அதற்குரிய கல்வி வரவில்லை. கருவி வந்ததும் கயிறும் தேவையில்லை, கூட்டாளியும் தேவையில்லை என்ற நினைப்பு மட்டும் வந்துவிட்டது.

நம் வடக்கு மக்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. போர்க்காலத்தில் கடலில் இறங்கவே பல தடைகள் இருந்தன. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வாப்பாவிடமிருந்து மகனுக்குக் கைமாற வேண்டிய கடலறிவு பல குடும்பங்களில் அத்தோடு அறுந்து போனது. திரும்பி வந்த தலைமுறைக்குத் தொழில் தேவை. சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கீழே என்னதான் நடக்கிறது?

சனங்கள் இதை 'ஒட்சிசன் சிலிண்டர்' என்பார்கள். அது சரியல்ல. உள்ளே அடைத்திருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்.

ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் தண்ணீரின் அமுக்கம் ஒரு மடங்கு கூடுகிறது. கரையில் ஒன்று என்றால் 10 மீற்றரில் இரண்டு, 20 மீற்றரில் மூன்று. அதனால் 20 மீற்றரில் சிலிண்டர்க் காற்று மூன்று மடங்கு வேகமாகத் தீர்கிறது. அந்த அமுக்கத்தில் நைதரசன் இரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. சோடாப் போத்தலை மெதுவாகத் திறந்தால் சத்தமில்லாமல் காற்றுப் போகும். சட்டென்று திறந்தால் பொங்கி வழியும். உடம்பும் அப்படித்தான். அவசரமாக மேலே வந்தால் கரைந்திருந்த நைதரசன் குமிழாகிறது. மூட்டு வலி, மரத்துப் போதல், தலைசுற்றல், சிலருக்குக் கால் விளங்காமலே போதல் எல்லாம் அதனால் வருபவை.

"எங்கட கடல் ஆழமில்லையே" என்று பலர் சொல்கிறார்கள். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் சிலிண்டர்க் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், 10 மீற்றரில் இழுத்த காற்று மேற்பரப்பில் இரு மடங்காக விரியும். சில மீற்றர் ஆழத்திலிருந்து அப்படி வந்தாலும் நுரையீரல் கிழியக்கூடும். ஒரு நாளில் பலமுறை இறங்கி ஏறினால் நைதரசனும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். சிலிண்டர் நிரப்பும் கொம்பிரசருக்குப் பக்கத்தில் எஞ்சின் புகை வந்தால், அந்த நச்சுப் புகையும் சிலிண்டருக்குள் போய்விடும்.

இரண்டு நாள் காட்டிக் கொடுத்து விளங்கவைக்கக் கூடிய காரியமா இது?

நல்ல பயிற்சி என்றால் எது?

உலகில் இதற்கென்று வரையறுத்த பாடத்திட்டங்கள் உண்டு. சி.எம்.ஏ.எஸ். என்ற உலகக் கூட்டமைப்பு 1959இலும், பி.ஏ.டி.ஐ. என்ற நிறுவனம் 1966இலும் தொடங்கின. சுழியோடி எவ்வளவு கற்றிருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 24801 என்றும், ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 24802 என்றும் சர்வதேசத் தரங்கள் இருக்கின்றன. ஓர் ஊரில் படித்தவரும் மற்றோர் ஊரில் படித்தவரும் கடலுக்கடியில் சந்தித்தால் ஒரே சைகையில் பேசிக்கொள்ள வேண்டும். தரம் என்பதன் பயன் இதுதான்.

1998இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜி.யூ.இ. என்ற அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. குழுவில் இறங்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரியான கருவி, ஒரே இடத்தில் ஒரே பொருள். இறங்குமுன் ஒருவர் கருவியை ஒருவர் சரிபார்க்க வேண்டும். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால், கூட்டாளி தன் வாயில் இருக்கும் குழாயையே எடுத்து அவருக்குக் கொடுப்பார். அதற்காகவே அந்தக் குழாயை ஏழு அடி நீளத்துக்கு வைத்திருக்கிறார்கள். புகை பிடிப்பவரை அவர்கள் பயிற்சிக்குச் சேர்ப்பதில்லை. தேறாதவருக்குத் தேறவில்லை என்றே சொல்லிவிடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். மச்சான் பிடித்த அந்தக் கயிறுதான் இன்று ஏழு அடிக் குழாயாக வந்திருக்கிறது!

இலங்கையில் எங்கே போவது? திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுழியோடிப் பயிற்சி நிலையங்கள் உண்டு. அங்கே மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. ஹிக்கடுவ, உனவட்டுன, கற்பிட்டிப் பக்கங்களில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். கடற்றொழில் அனுமதிப் பத்திரம் இருந்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். பத்திரம் தொழில் செய்ய அனுமதிப்பது. தொழிலைக் கற்றுத் தருவது அல்ல.

பலகையைப் பார்த்து மட்டும் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இவற்றைக் கேளுங்கள்:

ஆசிரியர் அட்டை இருக்கிறதா? அது இந்த ஆண்டும் செல்லுபடியாகிறதா?

ஆஸ்துமா, வலிப்பு, நெஞ்சு வருத்தம் உண்டா என்று முதலில் விசாரிக்கிறாரா? விசாரிக்காமல் பணம் வாங்குபவரிடமிருந்து திரும்பி வந்துவிடுங்கள்.

வகுப்பு, ஆழமில்லாத தண்ணீர், பிறகு கடல் என்ற வரிசையில் நடத்துகிறாரா?

ஒரே நேரத்தில் எத்தனை மாணவரை இறக்குகிறார்? குறைவாக இருப்பதே நல்லது.

கூட்டாளியிடம் காற்று வாங்கி மேலே வரும் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்விக்கிறாரா?

நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் போகாமல் ஏறவும், 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று வரவும் பழக்குகிறாரா?

இது ஆண்கள் காரியமா?

கொரியாவின் ஜெஜு தீவில் பெண்களே சுழியோடிகள். 'ஹெனியோ' என்று பெயர். வயதான பாட்டிமார்கூட சிலிண்டர் இல்லாமல் இறங்குகிறார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய மரபை உலக மரபாக ஏற்றது. அவர்கள் கூட்டமாகத்தான் போவார்கள். இன்று கடலில் இறங்கலாமா என்பதை அனுபவமுள்ள மூத்தவர்கள் வானத்தையும் நீரையும் பார்த்துச் சொல்வார்கள்.

நீங்கள் கடலில் இறங்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டின் மூத்தவராகக் கேள்வி கேட்கலாம். கரைக்கு வந்த மகனோ கணவரோ மூட்டு வலி, மரத்துப் போதல் என்று சொன்னால், "தூங்கினால் சரியாகும்" என்று விட்டுவிடாதீர்கள். வலி குறையட்டும் என்று மறுபடி தண்ணீருக்குள் இறங்கவும் விடாதீர்கள். படுக்க வைத்து, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். "சிலிண்டர் கட்டிச் சுழியோடியவர்" என்பதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உடனே தர வேண்டியது தூய ஒட்சிசன். அதன் பிறகு அமுக்க அறைச் சிகிச்சை தேவைப்படலாம். தாமதம் ஆக ஆகக் குணமாவது கடினம்.

அந்தத் தாய் பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். மகன் முதலில் கோபப்பட்டானாம். "எல்லாரும் இப்படித்தானே போறாங்க" என்றானாம். உம்மா விடவில்லை. "மூணு கேள்விக்கும் பதில் சொல்லிட்டுப் போ" என்று வாசலில் நின்றுவிட்டாராம். கடைசியில் அவனும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து திருகோணமலையில் பயிற்சிக்கு விசாரித்திருக்கிறார்கள். செலவுதான் கவலை. தன் காப்பில் ஒன்றை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார்.

"காப்பை மீட்டுடலாம் ஹஸரத்" என்றார் அந்தத் தாய்.

அந்தப் பிள்ளைகளையும், கடலை நம்பி வாழும் நம் எல்லாப் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! அவர்களுடைய கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை நமக்கும் உணர்த்துவானாக! ஆமீன்.