விம்கோ நகரிலிருந்து விமானத்துக்கு: மாணவர் பயணத்தைத் திட்டமிடுதல்

திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் வேறு வண்டி மாறாமலே மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச் சேரலாம். வண்ணாரப்பேட்டை – விம்கோ நகர் நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தேரடி நிலையம் 2022 மார்ச்சில் வந்தது. கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது, நேரம் ஏறக்குறைய ஒரு மணி. ஆனாலும் காசிமேடு, எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் விமானத்தைத் தலைக்கு மேலேதான் பார்த்திருக்கிறார்கள்.

அது மெல்ல மாறி வருகிறது. போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைத் துறை 2022 நவம்பரில் ஷார்ஜா புத்தகக் காட்சிக்கு அழைத்துச் சென்றது. கனவு ஆசிரியர் விருது பெற்றவர்கள் 2024 அக்டோபரில் பிரான்ஸ் சென்று வந்தார்கள். இவற்றைத் துறையே ஏற்பாடு செய்தது. ஒரு தேசியக் கண்காட்சிக்கோ கலா உத்சவ் போன்ற விழாவுக்கோ நன்கொடையாளர் தரும் பணத்தில் பள்ளியே நான்கைந்து பிள்ளைகளை அழைத்துப் போக நேர்ந்தால், டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஒரே ஒரு ஆசிரியரின் தலையில் விழும். இக்கட்டுரை அந்த ஆசிரியருக்காக.

பெயரில் தொடங்குங்கள்

விலையைத் தேடுவதற்கு முன் பெயரைத் தேட வேண்டும். விமான நிறுவனப் படிவம் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கும். நம் பிள்ளைகளுக்கோ ஒரு பெயரும் ஒரு முன்னெழுத்தும்தான். வருகைப் பதிவேட்டில் ‘மு. கவிதா’ என்றிருப்பவள் ஆதாரில் ‘கவிதா எம்’ என்றோ ‘கவிதா முருகன்’ என்றோ இருப்பாள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு ‘எச்’ கூடியோ குறைந்தோ இருக்கும். நுழைவாயிலில் நிற்கும் பாதுகாப்புப் படை வீரர் பார்ப்பது இரண்டைத்தான்: டிக்கெட்டில் உள்ள பெயர், கையில் உள்ள அடையாள அட்டையின் பெயர். பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் உள்ளே போய், ஒரு பிள்ளை மட்டும் வெளியே நிற்பதைவிட மோசமான பயண அனுபவம் இருக்க முடியாது.

ஆகவே பதிவேட்டைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். காட்டப்போகும் அட்டையையே கையில் வாங்கி, அதில் உள்ளபடி எழுத்து எழுத்தாகப் பதிவு செய்யுங்கள். ஆதாரில் ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால் கடைசிப் பெயர்க் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது. அதை அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது. புகைப்படம் ஒட்டிய பள்ளி அடையாள அட்டையும் உள்நாட்டுப் பயணத்துக்கு ஏற்கப்படும். டிக்கெட் வந்த அன்றே அச்செடுத்து, பதிவு செய்யாத இன்னொரு ஆசிரியரை அட்டைகளோடு ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக வாங்கிய டிக்கெட்டில் எழுத்துப் பிழை இருந்தால், 24 மணி நேரத்துக்குள் சொன்னால் கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி.

வெளிநாடு என்றால் சிக்கல் பாஸ்போர்ட்டிலேயே தொடங்குகிறது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது தமிழ்க் குடும்பங்கள் பல தவித்தன. பிறகு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். புதிதாக விண்ணப்பிக்கும்போதே தந்தை அல்லது தாயின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சிறுவர் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1000 ரூபாய். பெற்றோர் இருவரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். நம் பகுதியில் இதுதான் கடினம். தந்தை விசைப்படகில் போனால் திரும்பப் பல நாள் ஆகும். துறைமுகத்திலோ அனல்மின் நிலையத்திலோ ஒப்பந்த வேலை என்றால் ஒரு நாள் விடுப்பு ஒரு நாள் கூலி. மீனவக் குடும்பங்களுக்கு ஒரு வழி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும், தந்தை வீட்டில் இருப்பார், பிள்ளைக்கும் கோடை விடுமுறை. விண்ணப்பத்தை அந்த நாட்களில் முடித்துவிடலாம். கையில் பணம் குறைவான மாதங்களும் அவைதான் என்பதால், கட்டணத்தைப் பள்ளியோ நன்கொடையாளரோ ஏற்பது நியாயம்.

விலை எப்படி ஏறுகிறது

ஒரே விமானத்தில் எல்லா இருக்கைக்கும் ஒரே விலை இல்லை என்பது தெரிந்ததே. நிறுவனம் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கீழ்ப்படி தீர்ந்ததும் அடுத்த படி திறக்கும். பலர் கவனிக்காத ஒன்று: நீங்கள் ஆறு பேருக்குச் சேர்த்துக் கேட்டால், ஆறு இருக்கைகளும் ஒன்றாகக் கிடைக்கும் படியின் விலையையே ஆறு பேருக்கும் காட்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. 4,200 ரூபாயில் நான்கு இருக்கைகளே மீதி. அடுத்த படி 5,100. ஆறு பேருக்கு ஒன்றாகக் கேட்டால் 30,600. நான்கு, இரண்டு எனப் பிரித்து வாங்கினால் 16,800 + 10,200 = 27,000. மிச்சம் 3,600. எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. எகானமி டிக்கெட்டுக்கான 5 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கொடுங்கள்.

பிரிக்கும்போது ஒரு கவனம் தேவை. ஒவ்வொரு பதிவு எண்ணிலும் ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். 12 வயது நிறையாத பிள்ளையைப் பெரியவர் இல்லாத பதிவில் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்காது. விமானம் ரத்தாகி வேறு விமானத்துக்கு மாற்றினாலும் பதிவு எண் வாரியாகத்தான் மாற்றுவார்கள். பிள்ளைகள் மட்டும் ஒரு விமானத்துக்கும் நீங்கள் இன்னொன்றுக்கும் போய்விடக் கூடாது. பத்துப் பேருக்கு மேல் என்றால் குழுப் பதிவுப் பிரிவிலும் விலை கேளுங்கள். அது எப்போதும் மலிவு என்றில்லை. ஆனால் பெயர்களைப் பின்னால் தர அவகாசம் கிடைக்கும். பள்ளிக்கு அது பெரிய வசதி.

டிக்கெட்டை ரத்து செய்ய நேர்ந்தால் ‘பணம் திரும்பாது’ என்பதைக் கேட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் போனாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும். பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போது நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் ரத்துக் கட்டணமே இல்லை. விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.

மத்திய அரசு ஊழியர்கள் அரசுச் செலவில் பறக்கும்போது பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்றில் ஒன்றின் வழியேதான் டிக்கெட் வாங்க வேண்டும். மணலியில் தோல் வேதிப்பொருள் ஆலை நடத்தும் அதே பாமர் லாரிதான் இது. 1867-இல் கொல்கத்தாவில் தொடங்கிய நிறுவனம். ‘அந்தக் கம்பெனி டிக்கெட்டும் விற்குமா?’ என்று மணலிப் பிள்ளைகள் வியந்து கேட்பார்கள்.

அதிகாலை விமானம் மலிவா?

பல சமயம் காலை 6 மணி விமானம்தான் குறைந்த விலையில் தெரியும். உள்நாட்டு விமானத்துக்குப் பயணப் பதிவு புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே முடிந்துவிடும். முதல் முறை பறக்கும் பிள்ளைகளோடு போனால் இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். மெட்ரோவின் முதல் ரயிலோ காலை 5 மணிக்கு. ஆகவே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நள்ளிரவில் வேன் பிடிக்க வேண்டும்; எண்ணூரில் இருக்கும் பெற்றோர் இரண்டு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட வேண்டும். டிக்கெட்டில் மிச்சமானது வேனில் போய்விடும். காலை 9 மணிக்குப் பிந்தைய விமானம் சற்று விலை கூடினாலும் மொத்தத்தில் லாபம். திரும்பும்போதும் இரவு 9 மணிக்குள் இறங்கும் விமானமாக இருந்தால் கடைசி மெட்ரோவைத் தவறவிட மாட்டீர்கள். சென்னையில் உள்நாட்டு முனையங்கள் இரண்டு (1, 4). எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம்

ஓட்டல் என்றதும் அறை வாடகையை மட்டும் பார்க்கிறோம். முதலில் கேட்க வேண்டியது எப்போது உள்ளே விடுவார்கள் என்பது. பகல் 2 மணிக்குத்தான் அறை என்றால், பதினொரு மணிக்கு இறங்கிய பிள்ளைகள் வரவேற்பறையில் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். காலை உணவு வாடகையில் அடங்குமா, மூன்றாவது கட்டிலுக்கு எவ்வளவு, எல்லா அறையும் ஒரே மாடியில் கிடைக்குமா, மாணவியர் அறைக்கு அடுத்த அறை ஆசிரியைக்கு உண்டா? இவற்றுக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான். பழைய 12 விழுக்காட்டில் பில் வந்தால் கேளுங்கள்.

டெல்லி போகிறவர்கள் ஓட்டலோடு நிறுத்திக்கொள்ளாமல் சாணக்கியபுரியில் உள்ள சர்வதேச இளைஞர் விடுதி, அருகிலுள்ள விஸ்வ யுவக் கேந்திரா ஆகியவற்றையும் விசாரிக்கலாம். குழுக்களுக்குப் பழகிய இடங்கள். ஆதார் நகல் கேட்கும் இடங்களில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரலாம். பிள்ளைகளின் முழு எண்ணை ஊர் ஊராக விட்டு வரத் தேவையில்லை.

பையும் பசியும்

உள்நாட்டு எகானமியில் பொதுவாகக் கைப்பை 7 கிலோ, ஒப்படைக்கும் பை 15 கிலோ. வடிவியல் பெட்டியின் கவராயம், கத்தரிக்கோல் போன்றவை ஒப்படைக்கும் பையில் போக வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். அறிவியல் மாதிரியில் ஒயரும் பேட்டரியும் இருந்தால் கழற்றித் தனியே வைத்து, தலைமையாசிரியரின் கடிதம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கொப்பரைத் தேங்காய் ஒப்படைக்கும் பையில் கூடாது. டெல்லியில் இருக்கும் சித்தப்பாவுக்கென்று காசிமேட்டு அம்மா ஒருவர் கருவாடு கட்டித் தருவார், அன்போடு மறுத்துவிடுங்கள்.

உள்ளே போன பிறகு பசித்தால் பிள்ளைகள் விலைப்பட்டியலைப் பார்த்தே மிரண்டுவிடுவார்கள். சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் தேநீர் 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்று வைத்தார்கள். பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் முன் அது எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.