வாரத்தில் மூன்று நாள்

1949இல் அமெரிக்க எழுத்தாளர் பெர்னார்ட் மாலமுட் நியூயார்க்கிலிருந்து ஒரேகான் மாநிலக் கல்லூரிக்கு வேலைக்குப் போனார். முனைவர் பட்டம் இல்லாதவர் என்பதால் இலக்கிய வகுப்பு கிடைக்கவில்லை. முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் வேலைதான். அவர் வாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்: திங்கள், புதன், வெள்ளி கல்லூரிக்கு, செவ்வாய், வியாழன், சனி தன் எழுத்துக்கு. ‘தி அசிஸ்டன்ட்’ நாவலும், தேசியப் புத்தக விருது வாங்கிய ‘தி மேஜிக் பேரல்’ கதைத்தொகுப்பும் அவர் அங்கே வேலையில் இருந்த காலத்தில் வந்தவை. 1961இல் அந்தக் கட்டுரைத் துறையையே கிண்டலடித்து ஒரு நாவலும் எழுதிவிட்டு வேறு கல்லூரிக்குப் போனார். நல்ல வழியனுப்பு விழா!

ஒரேகான் மாநிலக் கல்லூரி நான்காண்டுக் கல்லூரி. இன்று இந்த வேலைக்கு எழுத்தாளர்கள் பலர் போய் நிற்பது ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளில். 1936இல் அயோவா பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த படைப்பெழுத்துப் பட்டம் இன்று நூற்றுக்கணக்கான இடங்களில் கிடைக்கிறது. சமுதாயக் கல்லூரியில் கட்டுரை வகுப்பெடுக்க அது போதும். பட்டதாரிகள் பெருகினார்கள், முழுநேர வேலைகள் அப்படிப் பெருகவில்லை. கலிபோர்னியாவில் பகுதிநேர ஆசிரியருக்கு ஒரு கல்லூரி மாவட்டத்தில் முழுநேரப் பாடச்சுமையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேலை தரக்கூடாது என்று சட்டமே வரம்பு கட்டியது. வீட்டு வாடகைக்குக் கட்டுப்படியாக வேண்டுமே, காலையில் ஓர் ஊர், மதியம் இன்னோர் ஊர் என்று காரோட்டுகிறார்கள். ‘ஃப்ரீவே ஃப்ளையர்’ என்று பட்டப்பெயரே உண்டு. ஒரு வகுப்புக்கு 25, 30 பேர். சம்பளக் கணக்கு பெரும்பாலும் வகுப்பு நேரத்தோடு நின்றுவிடும். கட்டுரை திருத்தும் ராத்திரிகள் அதில் சேராது.

மாணவர் பக்கம் நிலைமை தேறியிருக்கிறது, இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முன்பெல்லாம் எந்த வகுப்பில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் தேர்வில் சறுக்கினால் பட்டக் கணக்கில் சேராத அடிப்படை வகுப்புகளில் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார வேண்டும். பாதியில் விட்டுப் போனவர்கள் ஏராளம். 2017இல் வந்த ஏபி 705 சட்டம் கலிபோர்னியாவில் அந்தத் தடுப்பைத் தளர்த்தியது. பெரும்பாலோர் இப்போது நேரே முதல்நிலைக் கட்டுரை வகுப்புக்கே வருகிறார்கள். தட்டுத்தடுமாறி எழுதுகிறவரும் தேர்ந்தவரும் ஒரே வகுப்பில் இருப்பதால் ஆசிரியருக்கு வேலை கூடுதல்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் பிழையே இல்லாத, யார் எழுதியதென்றும் தெரியாத கட்டுரைகள் குவிகின்றன. இங்கேதான் எழுத்தாளருக்குக் கைவசம் ஒன்று இருக்கிறது. ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை அடித்து எழுதிய பழக்கம். மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘இதை ஏன் மாற்றினாய்?’ என்று முதல் வரைவையும் இரண்டாவதையும் வைத்துப் பேசினால் எந்த மென்பொருளும் குறுக்கே வராது. ஆனால் அப்படி உட்கார ஓர் அறை வேண்டும், சம்பளத்தோடு நேரம் வேண்டும். பகுதிநேர ஆசிரியர் பலருக்குக் கல்லூரியில் சொந்தமாக ஒரு மேசைகூடக் கிடையாது.