நரிக்கு வைத்த சுருக்கு

பிரிட்டனில் வசந்தகாலம் வந்தால் பண்ணைக்காரருக்கும் நரிக்கும் ஒரே நேரத்தில் வேலை கூடிவிடும். ஆடுகள் குட்டி போடும். கௌதாரியும் ஆள்காட்டியும் தரையில் முட்டையிடும். நரிக்கோ வளையில் பசித்த குட்டிகள். மற்ற மாதங்களில் இரவில் விளக்கடித்து நரியைச் சுட்டுவிடுவார்கள். பயிர் உயர்ந்துவிட்டால் நரி தெரியாது, துப்பாக்கியும் உதவாது. வேட்டைப் பண்ணைக் காவலர்கள் அப்போதுதான் சுருக்குக் கம்பியைக் கையில் எடுத்து வந்தார்கள். வேட்டைக்காகவே ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் ஃபெசன்ட் பறவைகளை வளர்த்துக் காட்டில் விடும் நாடு அது. நரி மீதுள்ள கோபத்தில் பெரும்பங்கு அந்த வியாபாரத்தைச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இழுக்க இழுக்க இறுகி, திரும்பத் தளராத சுருக்கை 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தடை செய்தது. விலங்கு இழுப்பதை நிறுத்தியதும் தளரும் சுருக்குக்கு மட்டுமே அனுமதி தந்தது. வைத்தவர் நாளுக்கு ஒரு முறையாவது போய்ப் பார்த்தாக வேண்டும் என்றும் சொன்னது. கழுத்தை நெரிக்காமல் உயிரோடு பிடித்து வைப்பதுதான் நோக்கம் என்றார்கள். மாட்டியது நரியானால் சுடலாம், வேறு விலங்கானால் அவிழ்த்து விடலாம்.

ஆனால் பாதையில் தொங்கும் கம்பிக்கு வருவது யார் என்று தெரியாது. காட்டுமுயல், வளையில் வாழும் பேட்ஜர், மான், பக்கத்துப் பண்ணையின் பூனை, உலாவ வந்தவரின் நாய் என்று எதுவும் வரலாம். ஆகவே கம்பிக்கே கொஞ்சம் அறிவு புகட்டப் பார்த்தார்கள். வளையம் ஓர் அளவுக்குக் கீழே சுருங்காதபடி கம்பியில் ஒரு தடுப்பைப் பொருத்தினார்கள். நரிச் சுருக்குக்கு அந்த அளவு 23 செ.மீ. என்று ஸ்காட்லாந்தின் 2010 ஆணை சொன்னது. இங்கிலாந்தின் 2016 நடைமுறை விதி அதை 26 செ.மீ. ஆக்கியது. நரியின் கழுத்தைப் பிடிக்க இது போதும். மான் கால் வைத்தால் உருவிக்கொள்ளலாம். கம்பி முறுக்கேறி அறுக்காமலிருக்கச் சுழலிகள் வைத்தார்கள். பலமாக இழுத்தால் பிய்த்துக்கொள்ளும்படி ஒரு பலவீனமான கொக்கியையும் சேர்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பேட்ஜர் முரட்டு விலங்கு. அது இழுத்தால் கொக்கி விட்டுவிடும், ஆறேழு கிலோ நரி இழுத்தால் விடாது என்பது கணக்கு.

கம்பியைவிட, அதை வைக்கும் ஆளின் கண்தான் முக்கியம். பேட்ஜர் தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில் நடக்கும் பிராணி. அந்தத் தடம் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். வழியில் சிறு குழி தோண்டி அதில் மலம் கழித்திருக்கும். ஈர மண்ணில் அகன்ற பாதம், ஐந்து விரல், நீண்ட நகம் பதியும். நரியின் தடமோ நான்கு விரலோடு, சின்ன நாயின் தடம்போல ஒடுங்கியிருக்கும். வேலிக் கம்பியின் அடியில் ஒட்டியிருக்கும் மயிரும் துப்புக் கொடுக்கும்: செம்பழுப்பாய் மெல்லியதென்றால் நரி, சொரசொரப்பாய் வெளிறி நடுவே கறுப்புப் பட்டையோடிருந்தால் பேட்ஜர். பேட்ஜருக்கென்று 1992-ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருப்பதால், அதன் வளைப் பக்கமே போகாதே என்பது முதல் பாடம்.

அடுத்தது உயரம். வளையத்தின் அடி தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். தாழ்ந்து நடக்கும் விலங்கு கீழே நுழைந்து போய்விடும். வேலியோரத்திலும் மரக்கன்று அருகிலும் வைக்கவே கூடாது. மாட்டிய பிராணி சுற்றிச் சுற்றி ஓடித் தொங்கிவிடும். கோதுமை வயலில் டிராக்டர் சக்கரம் போட்ட வெறும் தடமே நல்ல இடம். ஆடு மாடு மேயும் நிலத்தில் பேச்சே இல்லை. விடிந்ததும் போய்ப் பார்க்க முடியாதவர் இரவில் சுருக்கை விட்டு வைக்கக் கூடாது.

இத்தனையும் நல்ல சல்லடைகள்தாம். ஆனால் தடுப்பு பருமனைப் பார்க்கிறது, கொக்கி பலத்தைப் பார்க்கிறது, உயரம் நடையைப் பார்க்கிறது. எதுவும் இனத்தைப் பார்ப்பதில்லை. நரியைவிடப் பலசாலிக்குத்தான் கொக்கி வழிவிடும். மூன்று நான்கு கிலோ முயலுக்கும் பூனைக்கும் அதனால் பயனில்லை. முயல் பெரும்பாலும் இடுப்பில் மாட்டிக்கொள்ளும். கவனமான காவலர் இதைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. கவனமில்லாதவரைப் பிடிப்பதோ அதைவிடக் கடினம்.

ஸ்காட்லாந்தின் அனுபவத்தை இங்கே பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் அவர்கள் தடை போடவில்லை. 2011 சட்டத்தின்படி, சுருக்கு வைப்பவர் பயிற்சி பெற வேண்டியிருந்தது. காவல்துறையிடம் எண் வாங்கி ஒவ்வொரு சுருக்கிலும் கட்ட வேண்டியிருந்தது. எங்கே வைத்தார், என்ன மாட்டியது என்று பதிவு வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதையில் பத்தாண்டுக்கு மேல் நடந்து பார்த்துவிட்டு, 2024 நவம்பரில் முழுத் தடைக்கு வந்தார்கள். வேல்ஸ் 2023 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டது. இங்கிலாந்தில் லேபர் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் சுருக்குகளுக்கு முடிவு கட்டுவதாக வாக்களித்தது. தரையில் கூடு கட்டும் பறவைகளைக் காக்கச் சுருக்கு தேவை என்று வேட்டைப் பண்ணைக் காவலர்கள் வாதிடுவதைப் பொய்யென்று தள்ள முடியாது; நரியால் அழியும் கூடுகள் நிஜம். ஆனால் உடல் வெப்பத்தைக் காட்டும் தொலைநோக்கிகள் வந்தபின், இருட்டிலும் எது நரி என்று பார்த்துவிட்டுச் சுட வழியிருக்கிறது. பார்த்த பிறகு கொல்வது ஒன்று, மாட்டிய பிறகு பார்ப்பது வேறொன்று. வேல்ஸும் ஸ்காட்லாந்தும் செய்ததே சரி.

நம் மலையோரத் தோட்டங்களில் வைக்கும் சுருக்குக்கோ தடுப்பும் இல்லை, கொக்கியும் இல்லை. பன்றிக்கென்று கட்டிய வெறும் கம்பி. அதில் சிறுத்தை மாட்டிச் செத்த செய்தி அவ்வப்போது வருகிறது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி சுருக்கு வைப்பதும் வேட்டைதான். முயற்சி செய்தாலே குற்றம், எதுவும் மாட்டியிருக்க வேண்டியதில்லை. வேலியோரம் அப்படியொரு கம்பியைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். விலங்கு மாட்டியிருந்தால் நீங்களே அவிழ்க்கப் போகாதீர்கள்.