டவுன் பேமென்ட்: 20 சதவீதம் சேர்த்துட்டா போதுமா?

முதல் வீடு வாங்கப் போறவங்ககிட்ட "கையில எவ்வளவு வேணும்?"னு கேட்டா, "20 சதவீதம்"னு டக்குனு பதில் வரும். அந்தக் கணக்கைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

சென்னையில 60 லட்சத்துக்கு ஒரு ரீசேல் ஃபிளாட்னு வெச்சுக்கோங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான வீட்டுக் கடன், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால கடன் 48 லட்சம், கைக்காசு 12 லட்சம்.

அவ்வளவுதானா? இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். முழு விலைக்கும் பதிவு பண்ணா 5.4 லட்சம். இதை வங்கி வீட்டு மதிப்புல சேர்க்காது. இப்போ நமக்குத் தேவை 17.4 லட்சம்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 80 சதவீதம்ங்கிறது நீங்க பேசின விலைக்கு இல்லை, வங்கி போடுற மதிப்புக்கு. வங்கியோட மதிப்பீட்டாளர் 55 லட்சம்னு சொல்லிட்டா, கடன் 44 லட்சம்தான். கைக்காசு 21.4 லட்சமாயிடும்!

சரி, உதவி எங்கே கிடைக்கும்?

முதல்ல, அரசு மானியம். பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0-ல அதிகபட்சம் 1.80 லட்சம் வட்டி மானியம் உண்டு. ஆனா குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள்ள, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும். நம்ம 60 லட்ச ஃபிளாட்டுக்குக் கிடைக்காது. தகுதி இருந்தாலும், அது தவணை தவணையா கடன் கணக்குக்குத்தான் போகும். டவுன் பேமென்ட்டுக்கு உதவாது.

அடுத்தது, பி.எஃப். வீடு வாங்க அதிலிருந்து பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனா அது உங்க ஓய்வுக்காலப் பணம். முழுசா துடைச்சு எடுத்துடாதீங்க.

மூணாவது, வீட்டுப் பெரியவங்க. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க அன்பளிப்பா தர்ற பணத்துக்கு உங்களுக்கு வருமான வரி கிடையாது. ரொக்கமா வேண்டாம். வங்கிக் கணக்கு வழியா வாங்கிட்டு, அன்பளிப்புனு ஒரு கடிதமும் எழுதி வெச்சுக்கோங்க.

பர்சனல் லோன் போட்டு டவுன் பேமென்ட் கட்டலாமேன்னு தோணும். வட்டி அதிகம். அதோட, அந்த இ.எம்.ஐ.யையும் கணக்குல எடுத்துட்டு, வங்கி உங்க வீட்டுக் கடனையே குறைச்சிடலாம்.

கடைசியா ஒண்ணு. வீடு பிடிச்சுப் போச்சுன்னு அன்னைக்கே பெரிய அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. முதல்ல வங்கி எவ்வளவு தரும்னு கேளுங்க. "கடன் கிடைக்கலைன்னா அட்வான்ஸ் திரும்ப வரணும்"னு ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க. அந்த ஒரு வரி இல்லைன்னா, வீடும் வராது, வருஷக்கணக்கா சேர்த்த காசும் மாட்டிக்கும்.