விலை போகாத பெட்டிக்கு அடித்தது யோகம்! "கொய்ங்" சத்தத்தை கம்ப்யூட்டரில் பிடித்தார்கள்!

"உதவாது" என்று கைவிடப்பட்டது ஒரு வாத்தியப் பெட்டி. இன்று அதற்கு உலகம் எங்கும் ஏக கிராக்கி! வாங்கக் காசு இல்லாத வாலிபர்கள் அதன் சத்தத்தையே கம்ப்யூட்டருக்குள் வரவழைத்து விட்டார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஜப்பான் நாட்டு ரோலண்டு கம்பெனி 1981-ம் ஆண்டு "டி.பி.303" என்ற மின்னணுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. உருவாக்கியவர், என்ஜினீயர் ததாவோ கிகுமோதோ. கித்தார் பழகுகிறவருக்குக் கூடவே "பேஸ்" வாசிக்க ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆளுக்குப் பதில் இந்தப் பெட்டி!

ஆனால் அது பேஸ் கித்தார் மாதிரி பேசவில்லை. "கொய்ங்... கொய்ங்..." என்று முனகியது. "இதுவா கித்தாரு?" என்று ஒதுக்கி விட்டார்கள். சுமார் 10 ஆயிரம் பெட்டிகளோடு 1984-ல் உற்பத்திக்கு மூடுவிழா!

பம்பாயும் சிகாகோவும்

அதற்கு முன்பே நம் நாட்டுக்காரர் ஒருவர் இந்தப் பெட்டியைத் தொட்டிருக்கிறார். பம்பாய் சினிமா இசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல் 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அதில் இந்தப் பெட்டியும் உண்டு. அப்போது யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோது உலகமே வாய் பிளந்தது!

சிகாகோ நகர வாலிபர்கள் பழைய பெட்டி ஒன்றின் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகினார்கள். 1987-ல் "ஆசிட் டிராக்ஸ்" என்ற இசைத்தட்டு பிறந்தது. நடனக் கிளப்புகள் அதிர்ந்தன. பெட்டியின் விலையும் எகிறியது!

சூட்சுமம் என்ன?

எல்லாம் "பில்டர்" செய்யும் வேலை. சத்தத்தில் கனத்த குரலும் உண்டு, கீச்சுக் குரலும் உண்டு. கனத்ததை விட்டு, கீச்சைத் தடுப்பது பில்டர். தடை எங்கே தொடங்குவது என்பதை ஒரு குமிழ் தீர்மானிக்கும். வடிந்து வந்த சத்தத்தில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே அனுப்புவது இன்னொரு குமிழ். அப்போது அந்த எல்லையை ஒட்டிய சத்தம் மட்டும் வீங்கி எழும். அதுதான் "கொய்ங்!"

இந்த பில்டரில் டயோடுகள் ஏணிப் படி மாதிரி அடுக்கப்பட்டு இருக்கும். அமெரிக்காவின் ராபர்ட் மூக், டிரான்சிஸ்டர்களால் ஏணி கட்டி 1969-லேயே காப்புரிமை பெற்றவர்.

கம்ப்யூட்டர் பட்ட பாடு

கம்ப்யூட்டர், ஒரு வினாடி சத்தத்தை 44 ஆயிரத்து 100 எண்களாக நறுக்கிக் கணக்குப் போடுகிறது. பாடப் புத்தக சூத்திரத்தை அப்படியே எழுதினால் சத்தம் வரும். உயிர் வராது! ஏன்?

ஒன்று: பெட்டியில், வடிந்த சத்தம் அந்தக் கணமே உள்ளே திரும்பும். கம்ப்யூட்டரிலோ ஒரு எண்ணின் கணக்கு முடிந்தால்தான் அடுத்தது. இந்தத் துளி தாமதம் போதும், குமிழைத் திருகும்போது சுருதி விலகிவிடும்!

இரண்டு: டயோடு அவ்வளவு யோக்கியன் அல்ல. சத்தம் கூடக்கூட அது நேராகக் கூட்டாது. ஓர் அளவுக்கு மேல் வளைந்து போகும். அந்த வளைசல்தான் ரசிகர்கள் மயங்கும் கரகரப்பு!

பரிகாரமும் கண்டார்கள். வினாடியை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு எண்களாகப் பொடியாக நறுக்கினார்கள். ஏணியின் ஒவ்வொரு படிக்கும் வளைசல் சூத்திரம் சேர்த்தார்கள். மூக் ஏணிக்கு இப்படி வழி காட்டியவர் பின்லாந்து ஆராய்ச்சியாளர் அன்டி ஹுவோவிலைனன். ஆண்டு 2004.

காசே வேண்டாம்!

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாரி வெர்கோ 1980-களில் உருவாக்கியது "சிசவுண்டு" என்ற இசைக் கம்ப்யூட்டர் மொழி. முற்றிலும் இலவசம். இந்தப் பெட்டியின் பில்டரைப் போல நடந்துகொள்ள "டி.பி.வி.சி.எப்." என்று அதில் தனிக் கட்டளையே இருக்கிறது. மூக் ஏணிக்கும் தனிக் கட்டளை உண்டு. பெட்டி வாங்க வக்கில்லாத பையனும் ஒரு வரி எழுதி "கொய்ங்" போடலாம்!

பழைய பெட்டிகளுக்கு வயதாகிறது. பாகம் பழுதானால் மாற்று கிடைப்பதும் பாடுதான். கணக்குக்கு அந்தக் கவலை இல்லை.

ஒரு காலத்தில் எந்தக் குறைக்காகத் தள்ளினார்களோ, அதே குறையை இன்று கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டு வரவழைக்கிறார்கள். பரணில் கிடக்கும் பழைய வாத்தியத்தை எடைக்குப் போடும் முன் ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க, சார்!