கூடைப்பந்துக் கோஷ்டியைப் பயிற்றும் விதம்

2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஸவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துப் பந்தயங்கள் நடைபெற்றன. நமது தேசத்தின் கோஷ்டி ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியது. ஜோர்டானுக்கு எதிராக ஆட்ட நேரம் முடியும் வரை சமநிலையில் நின்று, மிகை நேரத்தில் 84-91 என்று கைவிட்டது. சீனாவிடம் 69-100. போட்டியை நடத்திய ஸவூதியிடமும் தோல்வியே. 2017இல் லெபனானிலும், 2022இல் ஜகார்த்தாவிலும் இதே கதைதான். மூன்று கோப்பைகள், ஒன்பது ஆட்டங்கள். பெயருக்குக்கூட ஒரு வெற்றி இல்லை.

தோல்வியைக் கண்டு நாம் கலங்குகிறவர்களல்ல. தோற்ற விதத்தைப் பற்றிக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை என்பதே நமது மனத்தாங்கல்.

அன்னூரிலிருந்து சத்தி ரஸ்தா வழியே பஸ் ஏறிக் கோவை மாநகராட்சிக் கூடைப்பந்து அரங்கின் படிகளில் உட்கார்ந்து, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை ஆட்டங்களை நள்ளிரவு வரை பார்த்துத் திரும்புவோர் எங்கள் பக்கத்தில் உண்டு. இந்தியன் பாங்கு, இந்திய ராணுவம், கடற்படை ஆகிய கோஷ்டிகளின் ஆட்டத்தை அங்கே கண்டவர்கள், நமது வாலிபர்களுக்குக் கை வன்மை இல்லை, கால் வேகம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பாங்கியின் பனியனில் இவ்வளவு தீரமாக ஆடுபவன் தேசத்தின் பனியனை அணிந்ததும் திகைத்து நிற்பானேன்? பிற்பாதியில் மூச்சு வாங்குவதும், கடைசி ஐந்து நிமிஷங்களில் யாரிடம் பந்தைக் கொடுப்பதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் நாம் திரும்பத் திரும்பக் காணும் காட்சி. இதற்கு ஆட்டக்காரனை மட்டும் நோவதில் நியாயமில்லை. பயிற்சியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பயிற்சி என்றதும் தேசாபிமானிகளான நமது நண்பர்கள் சிலர், "அன்னியனைக் கூலிக்கு வைத்தால் இப்படித்தான்" என்கிறார்கள். இந்த அபிப்பிராயம் நமக்குச் சம்மதமில்லை. இந்த ஆட்டமே 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் ஏற்படுத்தியது. 1920இல் சென்னையில் ஒய். எம். ஸி. ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்த ஹாரி குரோ பக் துரையும் அமெரிக்கரே. ஆனால் அவர் ஒரு பந்தயத்துக்காக வந்து பந்தயம் முடிந்ததும் கப்பலேறியவரல்ல. இங்கேயே தங்கி, ஆசிரியர்களைத் தயார் செய்து பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார். அவர் கொண்டு வந்த வித்தை இந்த மண்ணிலேயே தங்கிற்று.

இப்போது நடப்பது அதுவல்ல. 2011இல் அமெரிக்க தேசத்தின் கென்னி நாட் வந்தார். 2012இல் அவர் இடத்துக்கு ஸ்காட் பிளெமிங் வந்தார். இவர் சுமார் மூன்று வருஷம் நிலைத்திருந்தார். அதன் பலனை நாம் கண்ணால் கண்டோம். 2014 ஜூலை மாதம் வூஹானில், சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே 65-58 என்று நமது கோஷ்டி வென்றது. அந்தச் செய்தி வந்த நாளில் நாம் அடைந்த ஆனந்தத்தை எழுதி முடியாது. மறு வருஷம் சாங்ஷாவில் நடந்த ஆசியப் போட்டியில் எட்டாமிடம் கிடைத்தது. மரம் பூவெடுத்த சமயத்தில் நடந்ததென்ன? 2015இல் கூடைப்பந்துக் கூட்டமைப்பே இரண்டு கட்சியாகப் பிளந்து, எது உண்மையான ஸ்தாபனம் என்று வழக்காடிக்கொண்டிருந்தது. பிளெமிங் போய்விட்டார். பின்னர் 2019இல் ஸெர்பியரான வெஸலின் மாட்டிச் வந்தார். 2009இல் ஈரானை ஆசியாவின் முதலிடத்துக்குக் கொண்டு போனவர் அவர், சாமானியரல்ல. அவரும் போனார். ஜெட்டாவில் நமது கோஷ்டியின் பெஞ்சில் நின்றவர் யார்? அதே பிளெமிங்! பத்து வருஷம் சுற்றி, விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம்.

நமது பக்கத்தில் கவலை இறைத்த காலத்தை அறிந்த பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாடு வடத்துக்குப் பழகி, ஓட்டுகிறவன் குரலுக்குப் பழகி, சால் நிறைந்து மேலே வரும் தறுவாயில் ஆளை மாற்றினால் தண்ணீர் வாய்க்காலுக்கு வராது, கிணற்றுக்குள்ளேயே கொட்டும். புதிதாக வந்தவன் கெட்டிக்காரனா இல்லையா என்பது அப்புறம்.

இன்னொரு குறை. ஆட்டக்காரர்கள் பாங்கு, ரயில்வே, ராணுவம் ஆகியவற்றின் உத்தியோகஸ்தர்கள். வருஷத்தில் பெரும்பகுதி தத்தம் இலாகாவின் பயிற்சியாளர் சொற்படி ஆடுகிறார்கள். சர்வதேசப் போட்டி நெருங்கியதும் சில வார முகாம் கூட்டி, பன்னிரண்டு பேரைப் பொறுக்கி விமானம் ஏற்றிவிடுகிறார்கள். எதிரிக் கோஷ்டிகளின் ஆட்டக்காரர்களோ வருஷம் முழுவதும் லீக் பந்தயங்களில் மோதிப் பழகியவர்கள். இங்கே 2015இல் ஒரு லீக் தோன்றி இரண்டே வருஷத்தில் மறைந்தது. பிறகு வந்தவையும் ஒரு நெடிய பருவம் முழுவதும் ஓடும் லீக்காக வேரூன்றவில்லை. இந்த நிலையில் எந்தப் பயிற்சியாளர்தான் என்ன செய்வார் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. பிற நாட்டில் பிறந்து பின்னர்ப் பிரஜையான ஒருவரைக் கோஷ்டியில் சேர்க்கச் சர்வதேச விதி இடம் தருவதைப் பல ஆசிய நாடுகள் பயன்படுத்துகின்றன. நமது சட்டம் இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக்கொள்வதில்லை. ஆகையால் கடல் கடந்து வாழும் நமது இனத்து வாலிபனுக்கும் இங்கே இடமில்லை. இதுவும் ஒரு பலவீனமே.

ஆனால் இவற்றையெல்லாம் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாதபடி லெபனான் நிற்கிறது. கோயம்புத்தூர், திருப்பூர் ஆகிய இரண்டு ஜில்லாக்களின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி 59 லட்சம். லெபனான் தேசம் முழுவதுமே ஏறத்தாழ அவ்வளவுதான். பொருளாதாரம் இடிந்து, தலைநகரின் துறைமுகமே 2020இல் வெடித்துச் சிதறிய நாடு அது. அந்த நாடு 2022 ஆசியக் கோப்பையில் நம்மைச் சுலபமாக வென்று, இறுதி ஆட்டம் வரை சென்று, ஆஸ்திரேலியாவிடம் 73-75 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. அந்தக் கோஷ்டியைப் பயிற்றியவர் ஜாட் எல் ஹாஜ் என்ற லெபனான்காரரே! நூற்று நாற்பது கோடி ஜனங்கள் என்று நாம் மார் தட்டுவதை இனியாவது நிறுத்திக்கொள்ளலாம். ஜனக் கணக்கைப் பார்த்துப் பந்து வளையத்துக்குள் விழுவதில்லை.

அன்னிய ஆசிரியர் வரட்டும். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் நமது நாட்டுப் பயிற்சியாளர் இருவர் சிஷ்யராக அல்ல, பொறுப்புள்ள துணைவராக நிரந்தரமாய் இருக்க வேண்டும். அவர் போகும்போது வித்தை இவர்களிடம் நிற்க வேண்டும். 1961 முதல் பாட்டியாலாவில் தேசியப் பயிற்சி ஸ்தாபனம் இருக்கிறது. அங்கே தேறியவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். 2011க்குப் பின் வந்த அன்னிய நிபுணர்களிடம் இவர்களில் எத்தனை பேர் கூட இருந்து கற்றார்கள் என்று கூட்டமைப்பின் நிர்வாகிகள் பகிரங்கமாகச் சொல்லட்டும். மூன்று ஆட்டங்களிலும் எங்கே பிசகிற்று என்று பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த அறிக்கை இருந்தால் அதையும் பிரசுரிக்கட்டும். பஞ்சாயத்துச் சாவடிக்குக்கூட வரவு செலவுக் கணக்குக் கேட்கிற காலமிது.

அன்னூரைப் போன்ற ஊர்களின் பையன்களை இதில் மறந்துவிடக் கூடாது. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு பையன் பள்ளி மைதானத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பான். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரே கபடி, ஓட்டம், கூடைப்பந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினேழு வயதில் யாரும் அவனைக் கண்டுகொள்ளாவிட்டால், பதினெட்டில் அவன் விசைத்தறிக்கோ மில்லுக்கோ போய்விடுவான். பஞ்சாபின் ஒரு சிறு கிராமத்தில் பிறந்த ஸத்நாம் சிங்கை லூதியானா அகாடமியின் ஆசிரியர்கள் பொறுக்கி எடுத்து வளர்த்தபடியால் அல்லவா, 2015இல் அமெரிக்காவின் என். பி. ஏ. தேர்வில் 52ஆவது ஆளாக அவன் பெயர் அழைக்கப்பட்டது? கொங்கு நாட்டில் தாலுகாவுக்கு ஒரு பயிற்சியாளரை அமர்த்தச் செலவாகும் தொகை, வந்து போகும் நிபுணர்களின் சம்பளத்துக்கும் பிரயாணத்துக்கும் ஆகும் செலவில் ஒரு பங்குகூட இராதென்று நினைக்கிறோம்.

அடுத்த ஆசியக் கோப்பை 2029இல் வருகிறது. அதுவரை கோஷ்டியை யார் பயிற்றுவார், அவருக்குத் துணைவர்கள் யார், வருஷத்தில் எத்தனை மாதம் முகாம் என்பதை நிர்வாகிகள் இப்போதே அறிவிக்க வேண்டும்.