ஒரே குத்தில் ஆள் காலி! தலைக்குள் நடப்பது என்ன?

டி.வி.யில் குத்துச்சண்டை பார்க்கும் பிள்ளைகள், தாடையில் ஒரு குத்து வாங்கி ஆறடி ஆள் சாய்ந்ததும், 'நாக்-அவுட்!' என்று கைதட்டுவார்கள். டாக்டர்களுக்கோ அது கைதட்டும் விஷயமல்ல, மூளைக்கு ஏற்பட்ட காயம்!

மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. தாடையில் குத்து விழுந்ததும் தலை சட்டென்று திரும்பும். மூளை அதே வேகத்தில் திரும்பாமல் ஒரு கணம் பின்தங்கும். நரம்பிழைகள் இழுபடும். நம்மை விழிப்போடு வைத்திருக்கும் மூளைத்தண்டின் வேலை தடைபடும். அவ்வளவுதான், நினைவு தப்பிவிடும்.

கனமான ஆள் குத்தினால்தான் இப்படி ஆகுமா? பாதி சரி. எடை கூடினால் குத்தின் பலம் கூடும். ஆனால், அடி வாங்குகிறவரின் மூளை எடைக்குத் தகுந்தபடி பெரிதாவதில்லையே! அதனால்தான் 90.7 கிலோவுக்கு மேற்பட்ட 'ஹெவிவெயிட்' பிரிவில் நாக்-அவுட் அதிகம்.

மொத்த வெற்றிகளில் எத்தனை நாக்-அவுட்? அதுதான் நாக்-அவுட் விகிதம். மைக் டைசனின் 50 வெற்றிகளில் 44 நாக்-அவுட். அதாவது 88 சதவீதம். முகமது அலிக்கு 56-ல் 37; சுமார் 66 சதவீதம். எடை குறைந்த பிரிவுகளில் ஆடிய ஃபிளாய்ட் மேவெதருக்கு 50-ல் 27, 54 சதவீதம்தான்.

உடனே 'ஒல்லியான ஆள் குத்தினால் ஒண்ணும் ஆகாது' என்று நினைத்துவிடாதீர்கள். மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபஸ் பெரும்பாலும் 47.6 கிலோ பிரிவில் ஆடியவர். அவருடைய 51 வெற்றிகளில் 38 நாக்-அவுட். அலியையே மிஞ்சிவிட்டார்! வேகமும், குத்து விழும் இடமும் எடைக்கு ஈடு கொடுக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. விழாமல் நின்று பன்னிரண்டு ரவுண்டும் வாங்கிய அடிகள் இதில் வராது. மூளைக்கோ அதுவும் கணக்குதான். பல வருடம் தலையில் அடி வாங்கிய வீரர்களுக்குத் தள்ளாட்டமும் புத்தித் தடுமாற்றமும் வருவதை அமெரிக்க டாக்டர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதினார்.

தலைக்கவசம் போட்டால் போதாதா? அது முகம் கிழியாமல் காக்கும். மூளை உள்ளே குலுங்குவதைத் தடுக்காது.

உங்கள் பிள்ளை குத்துச்சண்டை கற்க ஆசைப்படுகிறானா? மூட்டையைக் குத்தட்டும், கயிறு தாண்டட்டும். நல்ல உடற்பயிற்சி. தலையில் அடிபடும் போட்டி மட்டும் வேண்டாம்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாலும், கிரிக்கெட் பந்து பட்டாலும் இதே விதிதான். ஒரு நிமிடமே நினைவு தப்பியிருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 'எனக்கு ஒண்ணுமில்லே' என்று பிள்ளை சொன்னாலும் அன்றைக்கு மறுபடி விளையாட விடாதீர்கள். முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி உயிருக்கே ஆபத்தாகலாம்.